ஒரே தாங்கி, பல விமானங்கள்

பலெர்மோவிலிருந்து ஊருக்குப் புறப்படும் எம்மவர் புந்தா ராய்சி நிலையத்தில் ஏறி, றோமிலோ மிலானிலோ இறங்கி, பெரும்பாலும் வளைகுடா நாடொன்றில் மாறியே கட்டுநாயக்காவை அடைகின்றனர். வழியெங்கும் விமானத்தை நிரப்பும் எரிபொருள் எங்கே சேமிக்கப்படுகின்றது, அதற்கு யார் பொறுப்பு என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த எரிபொருள் எமக்கு அந்நியமானதன்று. நன்கு சுத்திகரிக்கப்பட்ட மண்ணெண்ணெயே அது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் போத்தல் விளக்குக்கு அதனைத் துளித்துளியாக அளந்து ஊற்றியவர்களுக்கு அதன் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் எண்ணெய்க் கம்பனிகள் தனித்தனியே தாங்கிகள் வைத்திருப்பதில்லை. மும்பாயில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் விமான நிலைய நிறுவனமும் சமபங்கில் கூட்டுக் களஞ்சியம் அமைத்துள்ளன. இத்தகைய களஞ்சியங்களில் எல்லோருடைய எண்ணெயும் ஒன்றாகக் கலக்கும். அவரவர் பங்கு கணக்கேட்டில் மட்டுமே பிரிந்திருக்கும். ஒருவர் கொணர்ந்தது பழுதாயின் அனைவருடையதும் பழுதாகும். ஆதலால் வந்த எண்ணெயைப் படியவிட்டு, அடியில் தங்கும் நீரை அகற்றி, பரிசோதித்து, வடிகட்டிய பின்னரே விமானத்துக்கு அனுப்புகின்றனர். அந்நீர் வானத்துக் குளிரில் உறைந்தால் இயந்திரத்துக்கு எண்ணெய் செல்லும் வழி அடைபடக்கூடும்.

கூட்டுக் களஞ்சியத்தால் செலவு குறைகின்றது. ஆயினும் கையிருப்பு வற்றினால் அனைவரும் ஒருசேரத் தவிக்க நேரிடும். 2017 செப்டெம்பரில் நியூசிலாந்தின் ஒக்லாந்து நிலையத்துக்கு எண்ணெய் கொணரும் ஒரே குழாய்வழி, மண் தோண்டும் இயந்திரத்தால் முன்னர் ஏற்பட்ட சேதத்தினால் உடைந்தது. சுமார் 10 நாட்கள் விநியோகம் தடைப்பட்டது. விமானக் கம்பனிகளுக்கு வழமையான அளவில் 30 வீதமே பங்கிடப்பட்டது.

எம் தாயகம் செல்லும் வழியில் நேர்ந்ததையும் நாமறிவோம். 2022இல் அந்நியச் செலாவணி இன்றி இலங்கையில் எரிபொருள் அருகியபோது, நெடுந்தூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பின. இலங்கைப் பயணங்களுக்காக 120க்கும் மேற்பட்ட விமானங்கள் அங்கு தரித்ததாக அவ்வாண்டு ஜூலையில் இந்திய அமைச்சர் தெரிவித்தார்.

எத்தனை நாளுக்குரிய கையிருப்பு வேண்டும், அதை வைத்திருக்கக் கடமைப்பட்டவர் யார், தட்டுப்பாட்டில் பங்கீடு எவ்வாறு என்பன முன்கூட்டியே எழுத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் எல்லோருக்கும் பொதுவான தாங்கி எவரும் கவனியாத தாங்கியாகிவிடும்.

அத்தாங்கியை நிரப்புவது எம் கையில் இல்லை. பயணச்சீட்டு எம் கையில் உண்டு. மலிவென்று எண்ணி பலெர்மோ - றோம் சீட்டைத் தனியாக வாங்கினால், ஒரு விமானத்தின் தாமதம் அடுத்த சீட்டை வீணாக்கிவிடும். முழுப் பயணத்தையும் ஒரே பதிவில் பெற்றால், தொடர் விமானம் தவறும்போது மாற்று வழி செய்து தருவது கம்பனியின் கடமை. தாயின் இறுதிக்கிரியைக்கு விரையும் பிள்ளைக்கு அந்த ஒருநாள் வேறுபாடு எத்தகையதென்பதை எம்மில் பலர் அறிவர்.