பூட்டிய அலமாரி

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆலயக் கதவை மூடியபோது, பங்கு இல்லத்து முன்னறையில் இருந்த நூல் அலமாரியையும் நாம் பூட்டினோம். ஆலயம் சில மாதங்களில் திறந்தது. அலமாரி திறக்கவில்லை. சாவி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, நாமும் தேடவில்லை. கடந்த ஆண்டு திருவிழாவுக்கு வெள்ளையடிக்க அதை நகர்த்தியபோதுதான் கீழ்த்தட்டு முழுவதையும் கறையான் தின்றிருப்பது தெரிந்தது. கறையானைக் குறைகூறிப் பயனில்லை. அது தன் தொழிலைச் செய்தது. நாம்தான் நம் தொழிலைச் செய்யவில்லை.

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் காலைப்பொழுதில் கிளை நூலகத்தின் பெஞ்சில் அமர்ந்து நாளிதழ் படிக்கும் முதியோரை வாசகர்கள் அறிவீர்கள். பலர் தொட்ட தாளைத் தொடலாகாது என்ற அச்சம் கொரோனா நாளில் வந்தது. அச்சம் போன பின்னும் பழைய முகங்களிற் சில திரும்பவில்லை. சிலர் இறைவனிடம் சென்றுவிட்டனர். மற்றவர் செய்தியைப் பேரனின் கைப்பேசியில் கேட்டுக்கொள்கின்றனர். செய்தி கிடைக்கிறது, பெஞ்சு கிடைக்கவில்லை. இரண்டு நாள் ஒருவர் வராவிட்டால் மூன்றாம் நாள் இன்னொருவர் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய் விசாரிப்பார். அந்த வேலையைக் கைப்பேசி செய்வதாக நாம் கண்டதில்லை.

பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை தன் ஆசிரியையை முதலில் கண்டதே கைப்பேசித் திரையில். அதுவும் வீட்டில் கைப்பேசி இருந்தால். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வயது அப்படியே கடந்தது. பின்னர் 2024-25க்குள் நம் பிரதேசத்து அரசுப் பள்ளிகள் பன்னிரண்டாம் வகுப்புவரை மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. ஞாயிறு மறைக்கல்வியில் வாசகத்தை வாசிக்கச் சொன்னால் நல்ல அறிவுள்ள சிறுவனும் தயங்கி நிற்கிறான். சோம்பலன்று, பழக்கமில்லை.

நமது எல்லையை ஒட்டிய மரக்காணம் பகுதியில், 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. மாலையில் தன்னார்வலர் ஒருவர் தெருப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு அது. புதுமை என்று சொல்லப்பட்டாலும் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகப் பேரறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். வாசகர் நூலிடம் வர முடியாவிட்டால் நூல் வாசகரிடம் போகட்டும் என்பதே அதன் கருத்து. அதற்கும் முந்தி, ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் இருந்த கல்விச்சாலையின் பராமரிப்புக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. மூன்று ஊர்கள்! நாம் ஓர் அலமாரிக்கு மூன்று ரூபாய்க் கறையான் மருந்து வாங்கவில்லை.

நிற்க. நூலகத்தைப் பற்றிப் பேசப் புகுந்தவர் அரசுச் சேவைகளைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. சென்ற மாதம் மாலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு மூதாட்டி கைப்பேசியை நீட்டி, “சாமி, பணம் வந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். ஆங்கிலத்தில் வந்திருந்த அந்தச் செய்தி, கடன் தருவதாக ஒரு நிறுவனம் அனுப்பிய விளம்பரம். அதை நம்பி வெயிலில் நடந்து வந்திருந்தார். 2015இலேயே நம் பிரதேசத்தில் அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் என்ற முறை வந்து, பிறகு ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன; 2024 தீபாவளியை ஒட்டித்தான் மீண்டும் திறந்தன. கடையில் அரிசி வந்ததா என்று பக்கத்து வீட்டாரைக் கேட்டாலே தெரியும். வங்கியில் பணம் வந்ததா என்று யாரைக் கேட்பது? 1968க்குப் பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கொம்யூன் உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. கொள்ளைநோய் வந்த நாளில் கதவைத் தட்டிக் கேட்க வார்டு உறுப்பினர் ஒருவரும் இல்லை. விண்ணப்பங்களோ ஒன்றன்பின் ஒன்றாகக் கணினிக்குள் போய்விட்டன.

மனுவும் கையூட்டும் சிபாரிசும் இன்றி ஓர் ஏழை உள்ளே போய் உட்காரக்கூடிய அரசு அறை கிராமத்தில் நூலகம் ஒன்றே. ஆகவே கணினியும், படித்துச் சொல்லும் ஓர் ஆளும் அங்கேதான் மாலை நேரத்தில் இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. நூலகர் ஒருவரே நூலையும் பார்த்து, ஊராரின் விண்ணப்பத்தையும் நிரப்புவாரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். படிக்கும் அறை தாலுகா அலுவலகத்தின் வராந்தாவாக மாறிவிடுமோ என்ற ஐயம் நமக்கும் உண்டு. ஆனால் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றனர். வாரம் இரண்டு மாலை அவர்கள் உட்கார்ந்தால் நூலகரின் பாரம் குறையும். மூதாட்டிக்கு வெயிலில் நடை மிஞ்சும்.

அரசிடம் கேட்பதற்கு முன் நம் வீட்டில் தொடங்கினோம். எஞ்சிய நூல்களை வெயிலில் உலர்த்தித் துடைத்து மேல்தட்டுகளில் அடுக்கியாயிற்று. ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின்னும், புதன் மாலை ஐந்து முதல் ஏழு வரையும் முன்னறை திறந்திருக்கும். இளைஞர் இருவர் இருப்பர்; எழுத வேண்டியதையும் படிக்க வேண்டியதையும் கொண்டு வரலாம். வங்கிக் கடவுச் சொல்லை மட்டும் அவர்களிடமும் சொல்லவேண்டாம். 2020க்கு முன் நூல் எடுத்துச் சென்று இன்னும் வைத்திருப்போர் தயங்காமல் கொண்டு வந்து தரலாம். அபராதம் இல்லை. உங்கள் வீட்டில் இருந்ததால்தான் அவை கறையானுக்குத் தப்பின.