கார் நிற்காத பாதி

நம் தாமான்களில் கார் போர்ச் என்பது காருக்கு மட்டுமான இடமா என்ன? துணிக்கொடி, செருப்பு அலமாரி, துளசித் தொட்டி, காற்றுப்போன சைக்கிள், தீபாவளிக்கு வெளியே வரும் பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாம் அங்கேதான். அதில் பாதியைத் தச்சுப் பட்டறை ஆக்கப்போகிறேன் என்று நான் சொன்னதும் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்ப துணிய எங்க காயப்போடுறது?"

நியாயம்தான். துணிக்கொடி கொல்லைப்புறம் போனது. எங்களுடையது 20 அடி அகல தெரஸ் வீடு. மைவி 1.7 மீட்டர் அகலம். இரு பக்கமும் கதவு திறக்க இடம் விட்ட பிறகும் சுவரோரம் எட்டடி மிஞ்சியது. கூரையிலோ சுவரிலோ நான் கை வைக்கவில்லை. கூரையை நீட்டவோ சுவர் எழுப்பவோ நினைப்பவர்கள் முதலில் நகராண்மைக் கழகத்தின் அனுமதியைக் கேளுங்கள்.

பட்டறை என்றதும் நண்பர்கள் எல்லாரும் விசாரிப்பது ஒன்றைத்தான்: "என்ன மெஷின் வாங்கின?" யூடியூப் செய்த வேலை அது. அதில் வரும் கராஜ்கள் வேறு நாட்டுக் கராஜ்கள். கதவை இழுத்து மூடலாம். அடுத்த வீடு எங்கோ தள்ளி இருக்கும். நம் போர்ச்சோ திறந்து கிடக்கிறது. இங்கே பறக்கும் தூள் பக்கத்து வீட்டுத் துணியில்தான் போய் உட்காரும். ஆகவே இயந்திரப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, தூளையும் சத்தத்தையும் எப்படிக் குறைப்பது என்பதிலிருந்துதான் தொடங்கினேன்.

எனக்கு அதில் சுயநலமும் உண்டு. காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து நான்கு மணி நேரம் பேசுவது என் பிழைப்பு. தொண்டை கட்டினால் சம்பளம் கட்டாகும். மரத்தூளில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததுதான் ஆபத்து. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொழிற்சாலைத் தூளில் நிற்பவர்களுக்கும் சனிக்கிழமைத் தச்சருக்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனாலும் எம்.டி.எஃப். பலகையை வீட்டில் அறுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அதன் தூள் மாவைவிட மெல்லியது. பசையில் ஃபார்மால்டிஹைடு வேறு.

பெரிய அறுப்பு எல்லாவற்றையும் பலகைக் கடையிலேயே முடித்துவிடுவேன். 4க்கு 8 அடிப் பலகையை, எழுதிக்கொடுத்த அளவுக்கு அறுத்தே தருகிறார்கள். (முதல் முறை போனபோது "அண்ணனுக்கா வாங்குறீங்க?" என்றார் கடைக்காரர். இப்போது என்னைப் பார்த்ததும் அளவுத் தாளுக்குக் கையை நீட்டுகிறார்.) வீட்டுக்கு வந்த பிறகு கைரம்பம், உளி, இழைப்புளி. இழைப்புளியிலிருந்து வருவது தூளல்ல, சுருள். கூட்டி அள்ளினால் போதும். உப்புத்தாள் போடும் நாளில் மட்டும் என்95 முகக்கவசம் அணிந்து, தெருப்பக்கம் காற்றாடி வைத்துக்கொள்வேன். முடிந்ததும் தரையை உலர்ந்த துடைப்பத்தால் தொடாமல் ஈரத்துணியால் துடைப்பேன்.

மின்சாரத்தில் இயங்குவது ஒரு துளைக்கருவியும் ஒரு சாண்டரும்தான். அவற்றுக்காகவே பதிவுபெற்ற வயர்மேனை வைத்துத் தனி 13 ஆம்பியர் பிளக் போட்டேன். மழைச் சாரல் படும் இடத்தில் வரவேற்பறையிலிருந்து நீட்டிப்பு வயர் இழுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

சத்தம் பற்றி. 85 டெசிபலைத் தாண்டிய சத்தத்தில் நாள் முழுக்க நின்றால் காது கெடும். பெரிய இயந்திரங்கள் அதை எளிதாகத் தாண்டும். பக்கத்து வீட்டுக் காக் மருத்துவமனையில் மிஸ்ஸி. இரவு வேலை முடிந்து காலையில்தான் தூங்குவார். மாதத் தொடக்கத்தில் தன் வேலை அட்டவணையை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவர் தூங்கும் காலைகளில் நான் சுத்தியலைத் தொடுவதில்லை, பென்சிலும் மட்டக்கோலும்தான். இந்த ஏற்பாட்டுக்கு எனக்கு ஆன செலவு, அவர் வீட்டுக்கு ஒரு சிறு செருப்பு அலமாரி.

மரம்? ரப்பர் மரம். விலை கட்டுப்படியாகிறது, இழைப்புளிக்கு அடங்குகிறது, நிறமும் வெளிர். பால் குறைந்து 25, 30 ஆண்டில் வெட்டப்படும் மரங்கள்தான் பலகையாகின்றன. பெரும்பாலும் சிறு துண்டுகளாக ஒட்டித்தான் விற்பார்கள். மூவாரிலிருந்து கப்பலேறும் மேசை நாற்காலிகளில் ஏராளமானவை இந்த மரம்தான்.

அப்பாவுக்கு இப்போது 68 வயது. வாலிபத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறகு லோரி ஓட்டினார். அந்தத் தோட்டம் இன்று ஒரு தாமான். தோட்டத்தைப் பற்றி வீட்டில் அவர் பேசியதே கிடையாது. முதல் பலகையை இறக்கிய அன்று தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, இதுக்கா காசு குடுத்த? இத எரிச்சுத்தான் நாங்க கஞ்சி காய்ச்சினோம்."

பிறகு தானாகவே தொடர்ந்தார். வெட்டிப் போட்டால் சில நாளிலேயே நீலம் பூத்துவிடும், வண்டு துளைத்துவிடும், அதனால்தான் அடுப்புக்குப் போனது என்றார். அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தத் தொடங்கிய பிறகே இது மேசைக்கு உகந்த மரமானது என்று நான் படித்திருந்தேன். மருந்து ஏன் தேவைப்பட்டது என்பது எனக்கு அப்பா சொல்லித்தான் விளங்கியது. அன்று மாலை பெரட்டு, மங்கு, பால் ஸ்தோர் என்று ஒரு மணி நேரம் பேசினார். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தால் நிறுத்திவிடுவார் என்று தெரியும். கையில் உளியோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அம்மாவுக்குச் சாமி மேடை செய்கிறோம். போர்ச்சின் ஈரக்காற்றில் கிடந்த பலகை, ஏர்கோன் ஓடும் அறைக்குள் போனால் சுருங்கும். அவசரப்பட்டு இணைத்தால் மூட்டு விலகும். அதனால் பலகைகள் வரவேற்பறைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி, அப்பாதான் அகலத்தை அளந்துவருகிறார். முதல் வாரத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்கிறார்.