மரப்படி போடுறீங்களா? முதல் படியை அளங்க

காரைக்கால் கோவில்பத்துல புது வீடு கட்டுறவங்க கவனத்துக்கு 👇

தரை வேலை முடிஞ்சபின் கான்கிரீட் படி மேல ஒன்றரை இஞ்ச் தேக்குப் பலகை பதிச்சா, நடுப்படிகளின் உயரம் மாறாது. முதல் படி ஒன்றரை இஞ்ச் கூடும். மாடித் தரைக்கு ஏறும் கடைசிப் படி அதே அளவு குறையும்.

கால் பழகின உயரத்தையே எதிர்பார்க்கும். மாறினா தடுக்கும். வயசானவங்க விழுந்தா இடுப்பெலும்பு முறிவு, படுத்த படுக்கை.

அதனால சென்ட்ரிங் அடிக்கும் முன்பே கொத்தனாரிடம் பலகைக் கனத்தைச் சொல்லிடுங்க.

தேசியக் கட்டட விதித்தொகுப்புப்படி வீட்டுப் படியின் உயரம் 19 செ.மீ. தாண்டக்கூடாது, கால் வைக்கும் அகலம் 25 செ.மீ.க்குக் குறையக்கூடாது.

கடல்காத்து ஈரத்துல மரம் உப்பும். நல்லா காய்ஞ்ச மரமா பாருங்க. வழுக்கும் பாலிஷ் வேண்டாம்.

என் கருத்து: கைப்பிடிக்குக் காசு இல்லைன்னா மரப்படியும் வேண்டாம். அழகைப் பிறகு பாத்துக்கலாம்.