ஊசியிலையின்மேல் சுமத்தப்பட்ட பழி

அகன்ற இலை மரங்கள் நின்ற வனபூமியில் ஊசியிலை மரங்களை நட்டால் மண் புளித்துச் சாரமிழந்து பாழாகிவிடும் என்றும், அகன்ற இலை மரம் எதுவாயினும் மண்ணை வளர்க்கும் என்றும் ஓர் அபிப்பிராயம், கோடைக்கானலின் பைன் காட்டையும் இலங்கை மலைகளையும் பார்த்துவிட்டு வரும் சிங்கப்பூர்த் தேக்கா அன்பர்களிடையே தீர்ப்பைப் போல நிலைபெற்றிருக்கிறது. காட்டின்மேல் கொண்ட மெய்யன்பினால் எழும் பேச்சுதான் அது. ஆயினும் மண்ணின் துன்பத்துக்கு மூலகாரணத்தை அது தவறான இடத்தில் தேடுவதால், மறுத்துரைப்பது கடமையெனக் கருதுகிறேன்.

அமிலத்தைப் பற்றிய வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பைன் ஊசிகளில் லிக்னின் மிகுதி, சுண்ணாம்புச் சத்தும் நைட்ரஜனும் குறைவு. ஆதலால் அவை மெல்லவே மட்கி, மேல்மண்ணின் அமிலத்தை ஓரளவு கூட்டுகின்றன. ஐரோப்பாவில் பீச், ஓக் காடுகள் இருந்த இடங்களில் ஸ்புரூஸ் நட்டபோது இந்த மாறுதல் தெளிவாகவே காணப்பட்டது. ஆனால் யுகக்கணக்காகப் பெருமழை கழுவிச் சென்ற நம் வெப்பமண்டல மண்ணோ, பைன் வருமுன்னரே அமிலம் மிக்கது. பைனையே அறியாத புக்கிட் தீமாவின் ஆதிவனத்து மண்ணும் அத்தகையதே.

இலை அகன்றதாயின் மண் தேறும் என்போருக்குக் கென்ட் ரிட்ஜ் குன்றைவிடச் சிறந்த சாட்சி இந்தத் தீவில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் பதனிடவும் சாயமேற்றவும் உதவிய காம்பியருக்காகச் சிங்கப்பூரின் காடுகள் அழிக்கப்பட்டன. காம்பியர் இலைகளைக் கொப்பரைகளில் காய்ச்ச வேண்டிய விறகுக்காகத் தோட்டத்தைச் சூழ்ந்த காடும் வெட்டுண்டது. மண் சலித்ததும் பயிரிட்டோர் வேறிடம் பெயர்ந்தனர். ஆதிவனத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடே எஞ்சியிருக்கிறது என்று 1883-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நதானியேல் கான்ட்லி அரசுக்கு அறிவித்தார். கென்ட் ரிட்ஜ் உட்படக் கைவிடப்பட்ட அந்நிலங்களில் மலாய்க்காரர் தியூப்-தியூப் என்றழைக்கும் மரம் தலையெடுத்து, புதர்க்காடாய் நிலைத்தது. அது அசல் உள்நாட்டு மரம், அகன்ற இலை மரமுங்கூட. இருந்தும் அதன் அடியில் உள்ள மண் இன்றும் மிகுந்த அமிலமுடையதாய், நைட்ரஜனும் பாஸ்பரசும் அருகியதாய் இருக்கிறது. ஓர் ஊசியிலை மரமும் இல்லாமலே இந்த மண் வறுமையுற்றதே, இதற்கு எந்த இலையைக் குற்றஞ்சாட்டுவது? மழைக்காட்டின் செல்வம் பெரும்பாலும் மரங்களின் உடலிலும் மெல்லிய மேற்பரப்பிலுமே தங்கியிருப்பதால், வெட்டி எரித்து வாரிச் சென்றபின் எஞ்சுவது சொற்பமே.

ஈஸ்ட் கோஸ்ட் கரையில் நிற்கும் சவுக்கையும் சிலர் பைனோடு சேர்த்து நிந்திக்கிறார்கள். அது ஊசியிலை இனமே அன்று. பூக்கும் தாவர இனத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரால் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்ப்பது.

மேற்படி அபிப்பிராயத்தின் பெருங்குறை ஒப்பீட்டில் உள்ளது. பழனிமலையிலும் நீலகிரியிலும் பைன் போன்ற அயல் மரங்கள் பெரும்பாலும் புல்வெளிகளிலே நடப்பட்டன. அங்கே இழந்தது புல்வெளி, அதற்காக வருந்துவதே முறை. இலங்கையிலோ கரீபியப் பைன் பலவிடத்தும் கைவிட்ட தேயிலை நிலங்களிலும் சீரழிந்த சரிவுகளிலும் நடப்பட்டது. அந்த மண்ணை, கோடரி படாத காட்டு மண்ணோடு ஒப்பிட்டுப் பைனைப் பழிப்பது நியாயமாகாது. உலர்ந்த ஊசிகள் எளிதில் தீப்பற்றும் என்ற குற்றச்சாட்டு மட்டும் மெய். அதைப் பொருட்படுத்தாத வனத்துறை எதுவும் கண்டனத்துக்குரியதே.

இனி, இலங்கையின் சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள பைன் தோட்டத்தில் ஆய்வாளர்கள் மூன்று வரிசை மரங்களை நீக்கி, அந்த இடைவெளியில் ஷோரியா முதலிய உள்நாட்டு மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். அடர்ந்த நிழலில் நின்ற கன்றுகளினும் அவை செழித்து வளர்ந்தன. 1997-இல் அதன் முடிவுகள் வெளியாயின. பழி சுமந்த அதே பைன் மண்ணில், இருபுறமும் நின்ற பைன்கள் வெயிலைத் தடுக்க, அக்கன்றுகள் வேர்கொண்டன. எனவே பைன்களை ஒரே வீச்சில் வெட்டியெறியக் கோருவோர், வெறுமையான சரிவில் விழும் வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் அந்த மண்ணை எதைக் கொண்டு காக்கப் போகிறார்கள் என்பதை முதலில் சொல்லட்டும்.