சொன்ன பரிசு எங்கே?

"சோப்பு வாங்குங்கள்! எவர்சில்வர் குடம் பரிசு!" விளம்பரத்தை நம்பி வண்டியூரில் ஒரு தாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிசும் விழுகிறது. கேட்டால் கம்பெனி கையை விரிக்கிறது! தலைவிதி என்று வீடு திரும்புவதா? கூடாது!

இப்படி ஒரு வழக்கு லண்டனில் முன்பே நடந்தது. "எங்கள் மருந்தை உபயோகித்தும் காய்ச்சல் வந்தால் 100 பவுன் தருவோம்" என்று 1891-ல் ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. கார்லில் என்ற அம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. "அது வெறும் விளம்பரம்" என்றது கம்பெனி. கோர்ட்டு விடவில்லை. 1892-ல் அம்மாளே ஜெயித்தார்!

கொடுக்கும் எண்ணமின்றிப் பரிசு அறிவிப்பது முறையற்ற வியாபாரம் என்கிறது, நமது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ரசீதையும் பரிசுச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். 1915-க்குப் போன் செய்யலாம். 2 ஆண்டுக்குள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை.

குடம் சிறியதுதான். கொடுத்த வாக்கு சிறியதா?