வூடு

ஆரணியில் எங்கள் சேரியில் சாயங்காலம் நாலைந்து தோழர்கள் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். ரெண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று. ஆடு, மாடு, காடு என்று பலகையில் எழுதினேன். கடகடவென்று படித்தாள். கீழே 'வீடு' எழுதினேன். 'வூடு' என்றாள். சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இதற்காக அடி வாங்கியிருக்கிறாள்.

அவள் படித்தது தப்பா? 'டு' என்ற எழுத்தைப் பிடித்து, அர்த்தத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதுதானய்யா வாசிப்பு. வூடு, வீடு ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சுழி எங்கே மாறுகிறது என்று காட்டினால் போதும். பேசுறதுக்கு ஒண்ணு, எழுதுறதுக்கு ஒண்ணு. அக்கிரகாரத்துப் பேச்சும்தான் எழுத்து மாதிரி இல்லை. அதற்கு யாரும் பிரம்பு எடுப்பதில்லை.

247 எழுத்தையும் நெட்டுருப் போட்ட பிறகுதான் சொல்லுக்கு வரணும் என்பது பழைய சட்டாம்பிள்ளைத்தனம். ட, ப, ம மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் படித்துவிடலாம். ஓசை ஒத்த சொற்களைக் குடும்பமாக அடுக்கினால் பிள்ளை அடுத்த சொல்லைத் தானே கண்டுபிடிக்கும். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தது இப்படித்தான். பழக்கமான ஒரு சொல்லை உடைத்து, அதிலிருந்து எழுத்து வரிசைகளைப் பிரித்தார். நம் அறிவொளி இயக்கம் 1990களில் 'பட்டா' என்ற சொல்லை முதல் பாடத்திலேயே வைத்தது. 1892 அரசாணைப்படி நமக்குக் கிடைத்த பஞ்சமி நிலம் கைவிட்டுப்போன கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

ஆரணியில் 'பட்டு' யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் முன்பணத்துக்காகத் தறியில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளின் ஊர் இது. பட்டு, கட்டு, தட்டு. 'டு'வை 'டா' ஆக்கினால் பட்டா. தறியிலிருந்து நிலத்துக்கு ஒரு கால் தூரம்தான்.

'இங்கிலீஷ்தான் நமக்கு விடுதலை, இது எதுக்கு?' என்று கேட்கும் மாணவத் தோழர்கள் உண்டு. இங்கிலீஷ் வேணும், சண்டையே இல்லை. ஆனால் தன் வாயில் இருக்கிற சத்தம்தான் எழுத்தாகிறது என்று ஒருதரம் பிடிபடாத பிள்ளை, கேட், பேட், மேட் என்பதையும் பாட்டாகத்தான் ஒப்பிக்கும். நர்சரி வாசலில் நின்று கேளுங்கள்.

எங்களுக்குள் நிஜமான தகராறு 'றை' வரிசையில் வந்தது. அறை, முறை, சிறை எழுதியாயிற்று. பறை எழுதலாமா? 'வேணாம், ஸ்கூல்ல மத்த பசங்க கேலி பண்ணுவாங்க' என்றார் ஒரு தோழர். பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து உதைபட்ட தலைமுறை அவருடையது. விட்டுவிட்டால் அது அசிங்கச் சொல் என்று நாமே பாடம் நடத்துகிறோம் என்றேன். ஆனால் கேலியை வாங்கப்போவது நானில்லை, பிள்ளை. எழுதுவோம் என்பதே இன்றைக்கும் என் கட்சி, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வாசகத் தோழர்கள் எழுதுங்கள்.

போன வாரம் 'டி' வரிசை: கட்டி, சட்டி, வட்டி. பேங்க் கவுண்ட்டரில் தினம் கைநாட்டு வாங்குகிறவன் நான், வட்டி என்றால் என்ன என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அந்த வூட்டுப் பிள்ளை முந்திக்கொண்டாள்: 'ஞாயித்துக்கெழமை வந்து அம்மாவ திட்டுவாங்களே, அது.'