"உக்ரைன் டாக்டர்" என்று சிரித்தவர்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் காதுகுத்துக்கு, நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகளும் வந்தாள். ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். இரவு டூட்டி முடித்து, தூங்காமல் நேராக மண்டபத்துக்கு வந்தவள். பந்தியில் உட்கார்ந்திருந்த நம் மாமா ஒருவர், "உக்ரைன் டாக்டரா? ஊசி போடவாச்சும் தெரியுமா, இல்லை அதுவும் ஆன்லைன்லதானா?" என்றார். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். பாயசத்தைத் தொடாமல் எழுந்து போனாள்.

மாமா, உங்கள் பேத்தி இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. அன்றைக்குப் பந்தியில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

இந்தப் பிள்ளை 2016ல் பிளஸ் டூ முடித்தாள். கட்-ஆஃப் 194.5. கால் மார்க்கில் இடம் கைமாறும் காலம் அது, கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் கேட்ட தொகைக்கு அவள் அப்பா பட்டறையை மூன்று தடவை விற்க வேண்டும். அதனால் ஒரு தடவை அடமானம் வைத்து உக்ரைனுக்கு அனுப்பினான். ஆறு வருஷப் படிப்பு. ஆறாவது வருஷம் நடக்கும்போது, 2022 பிப்ரவரி 24ல் போர். கார்கிவில் சாப்பாடு வாங்க வரிசையில் நின்ற கர்நாடகப் பையன் குண்டு விழுந்து செத்தான் என்று டிவியில் பார்த்தோமே, அந்த வாரம் இவள் ருமேனியா எல்லையில் பனியில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, கடைசி மாதப் பாடங்களைச் செல்போனில் படித்து, பட்டம் வாங்கினாள்.

அதன் பிறகு எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வு. வெளிநாட்டில் மருத்துவம் படித்த இந்தியர்கள் இங்கே பதிவு செய்ய எழுத வேண்டிய தேர்வு, 2002லிருந்து நடக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை. 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி. முதல் தடவை இவள் 141. இரண்டாவது தடவை, 2023 ஜூன் பருவத்தில் தேறினாள். அந்தப் பருவத்தில் எழுதியவர்களில் பத்துக்கு ஒருவர்தான் தேறினார்கள். மறுபடி சொல்கிறேன் மாமா, பத்துக்கு ஒருவர். அந்த ஒருவரைப் பார்த்துத்தான் நீங்கள் ஊசி போடத் தெரியுமா என்று கேட்டீர்கள்.

இங்கே சிலர், "பார்த்தீர்களா டீச்சர், பத்தில் ஒன்பது பேர் தேறாத படிப்பு அது" என்பீர்கள். உண்மைதான். ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, கல்லூரி எது, கற்பிக்கும் மொழி எது என்றுகூட விசாரிக்காமல் அனுப்புகிற பெற்றோரை எனக்கும் தெரியும். நான் இடைநிலை ஆசிரியை, ஆசிரியப் பயிற்சி டிப்ளமோவுக்கு மேல் படித்தவள் இல்லை. ஆனால் எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ் என்று வந்தபோது எங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்த்தவள். தேர்வு வேண்டாம் என்று என் வாயில் வராது. உயிர் விஷயம், கட்டாயம் சோதிக்க வேண்டும். என் கேள்வி, சோதித்துத் தேறிய பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான்.

தேறியவர் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடித்தால்தான் நிரந்தரப் பதிவு. அது இருந்தால்தான் மேற்படிப்பில் சேர முடியும். சாதாரணமாக ஒரு வருஷம். கடைசி வருஷம் போராலோ கொரோனாவாலோ ஆன்லைனில் முடித்தவர்களுக்கு இரண்டு வருஷம் என்று 2022 ஜூலையில் தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது. சீனாவில் படித்த மாணவியின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேலே போய், உச்சநீதிமன்றம் ஒரு திட்டம் வகுக்கச் சொன்னதால் வந்த ஏற்பாடு இது. நோயாளியைத் தொடாமல் படித்ததற்குத் தொட்டுப் படிக்க ஒரு வருஷம் கூடுதல். எனக்கு அதிலும் சண்டை இல்லை. அவளுக்கும் இல்லை. "இன்னும் கத்துக்கறேன் பாட்டி, நல்லதுதானே" என்றாள்.

ஆனால் அந்தப் பயிற்சி தொடங்கவே எட்டு மாதம் ஆயிற்று. ஒரு அலுவலகத்தில் தூதரகச் சான்று இல்லை என்றார்கள். கொண்டு போனால், பல்கலைக்கழகத்திடமிருந்து நேரடியாகக் கடிதம் வர வேண்டும் என்றார்கள். போர் நடக்கிற நாடு, மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஊர், அங்கே ஒரு குமாஸ்தா இவள் மின்னஞ்சலைப் பார்த்துப் பதில் போட வேண்டும்! பதிலும் வந்தது. அதற்குள் இங்கே உட்கார்ந்திருந்தவர் மாறிவிட்டார். புது ஆள் பழையபடி முதல் தாளிலிருந்து கேட்டார். அந்த எட்டு மாதத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அப்பாவின் வட்டிக் கணக்கில் மட்டும் சேர்ந்தது.

அதற்கு மேல் இடப் பிரச்சினை. ஒரு மருத்துவக் கல்லூரியில் உள்ள இடங்களில் 7.5 சதவீதம் வரைதான் வெளிநாட்டில் படித்தவர்களை ஹவுஸ் சர்ஜனாக எடுக்கலாம் என்று 2022 மார்ச்சில் ஆணையம் வரையறுத்தது. (நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) நம் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று, 150 இடம். கணக்குப் போடுங்கள், 11 பேர். தேறி வருபவர்கள் வரிசை எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே சுற்றறிக்கையில் நல்லதும் இருந்தது, மறைக்கக் கூடாது. பயிற்சிக்கென்று கல்லூரிகள் இவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது, இங்கே படித்தவர்களுக்குத் தருகிற உதவித்தொகையை இவர்களுக்கும் தர வேண்டும் என்று இருந்தது. தமிழ்நாட்டிலும் முன்பு லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த கட்டணத்தை 2022ல் பெரிய அளவில் குறைத்தார்கள். இருந்தும், உதவித்தொகை விஷயத்தில் வெளிநாட்டில் படித்தவர் என்று பிரித்துப் பார்க்காதீர்கள் என்று 2024ல் உச்சநீதிமன்றம் வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவன் ஒருவனிடம் அங்கே எப்படி என்று கேட்டேன். அங்கே படித்தவரும் சரி, மதுரையில் படித்துப் போனவரும் சரி, ஒரே யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுதானாம். வெளியிலிருந்து போனவருக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு கூடுதலாக உண்டு. இங்கேயும் எல்லோருக்கும் நெக்ஸ்ட் என்று ஒரே தேர்வு வைப்பதாக 2019 சட்டத்தில் எழுதினார்கள். இன்னும் வரவில்லை. நம் மாநில அரசு எதிர்க்கிறது, உங்களில் பாதிப்பேர் எதிர்ப்பீர்கள். எனக்கு வேறு அபிப்பிராயம். எல்லோரும் ஒரே கேள்வித்தாளை எழுதியிருந்தால், அன்றைக்குப் பந்தியில் அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்து அங்கேயும் கதவைச் சாத்தினார்கள். ஆனால் அவன் சொன்ன ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. நம் ஊர் டாக்டர் அங்கே ரெசிடென்சி பயிற்சிக்கு ஜே-1 விசாவில் போக வேண்டுமென்றால், நம் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இந்தத் துறை மருத்துவர்கள் எங்கள் நாட்டுக்குத் தேவை, இவர் படிப்பு முடிந்து திரும்பி வருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அதில் இருக்கும். போகிறவரைப் பற்றி அப்படிக் கடிதம் கொடுக்கிற நாடு, திரும்பி வந்து, தேர்வும் எழுதித் தேறி, வேலை கொடுங்கள் என்று நிற்கிறவளை எட்டு மாதம் வராந்தாவில் உட்கார வைக்கிறது. அந்தத் தேவை வாசலுக்கு வந்ததும் எங்கே போயிற்று?

இவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண் இங்கேயே எம்.பி.பி.எஸ். படித்து இந்த வருஷம் எம்.டி. முடிக்கிறாள். சந்தோஷம், அவளும் என் மாணவிதான். இவளுக்கு 27 வயது, ஹவுஸ் சர்ஜன் முடிய அடுத்த ஏப்ரல் ஆகும். அதன் பிறகுதான் நீட் பி.ஜி.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எஃப்.எம்.ஜி.இ. முடிவு வந்த 60 நாளில் பயிற்சி இடம் கையில் கிடைக்க வேண்டும். எந்தெந்தத் தாள் வேண்டும் என்று முதல் நாளே ஒரே பட்டியலாகக் கொடுத்து, அதை நடுவில் மாற்றக் கூடாது. 60 நாள் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு மாதத்தையும் அந்தக் கூடுதல் வருஷத்தில் கழிக்க வேண்டும். பரீட்சை பாதியில் இருக்கும்போது கேள்வித்தாளை மாற்றினால் நம் பள்ளியில் எவ்வளவு பெரிய ரகளை ஆகியிருக்கும், உங்களுக்கே தெரியும்.

என் மாணவர்களில் நான்கைந்து பேர் அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். சென்னையிலும் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே புரியும். இந்த மாதிரிக் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால் அடுத்த நாளைக்குத் தள்ளாதீர்கள். குறை இருந்தால் எல்லாக் குறையையும் ஒரே தடவையில் எழுதி அனுப்புங்கள். இரண்டாம் வகுப்பு ஸ்லேட்டிலேயே அப்படித்தான் உங்களுக்குத் திருத்திக் கொடுத்தேன்.

மாமா, உங்களுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அத்தை சொன்னாள். வியாழக்கிழமை அவளுக்கு ஓபி டூட்டி. நான் சொல்லி வைத்திருக்கிறேன், காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். ரத்தம் அவளே எடுப்பாள்.